சிறுநீரக நோயில் பாராதைராய்டு மிகைச்சுரப்பும் வைட்டமின் டி மருத்துவமும்

நாட்பட்ட சிறுநீரக நோயால் பாராதைராய்டு சுரப்பிகள் அளவுக்கு மீறிச் சுரப்பதை அடக்க வைட்டமின் டி வகை மருந்துகளைக் கொடுக்கும் முறை. தைராய்டின் பின்புறம் ஒட்டியிருக்கும் இச்சுரப்பிகள் பெரும்பாலோர்க்கு நான்கு. இரத்தத்தில் கால்சியத்தின் அளவைக் காப்பவை. தோலில் வெயில் பட்டு உண்டாகும் வைட்டமின் டி கல்லீரலில் ஒருமுறையும் சிறுநீரகத்தில் மறுமுறையும் மாற்றம் பெற்றே வேலை செய்யும் வடிவமான கால்சிட்ரியால் ஆகிறது. சிறுநீரகம் பழுதானால் கால்சிட்ரியால் குறைகிறது, பாஸ்பரஸ் தேங்குகிறது, குடல் கால்சியத்தை ஈர்ப்பது தளர்கிறது. குறையை ஈடுகட்டப் பாராதைராய்டு ஓயாமல் சுரந்து எலும்பிலுள்ள கால்சியத்தை உருவுகிறது. எலும்பு வலி, முறிவு, தோல் அரிப்பு ஆகியவை தொடர்கின்றன.

தொடக்கம்

இச்சுரப்பியை முதலில் கண்டவர் யார் என்பதில் ஒருமித்த கருத்தில்லை. லண்டன் விலங்குக் காட்சிசாலையில் வளர்ந்து 1849இல் இறந்த இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்து ஆராய்ந்த ரிச்சர்ட் ஓவன், அதன் கழுத்தில் மஞ்சள் நிறச் சிறு உறுப்பொன்றைக் குறித்தார். மனித உடலில் அதைக் கண்டு 1880இல் விரிவாக எழுதியவர் சுவீடன் நாட்டு இவார் சாண்ட்ஸ்ட்ரோம். சிறுநீரகத்துக்கும் எலும்பு நோய்க்கும் உள்ள தொடர்பை 1940களின் தொடக்கத்தில் பீக்கிங் மருத்துவர்கள் லியூ, சூ ஆகியோர் விளக்கினர்.

1970–1984

இம்மருத்துவத்தின் அடித்தளம் இக்காலத்தில்தான் அமைந்தது. அதுவரை பெரும் அளவில் சாதாரண வைட்டமின் டி கொடுத்தும் பலருக்குக் குணம் தெரியவில்லை. ஏன் என்பதை 1970இல் கேம்பிரிட்ஜில் ஃப்ரேசர், கோடிசெக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் காட்டினர். சிறுநீரகம் நீக்கப்பட்ட எலிகளின் உடலில் வைட்டமின் டியின் செயல்வடிவம் உருவாகவில்லை. கோழியின் சிறுநீரகத்தை அரைத்த கூழிலோ அது உருவாயிற்று. நோயாளி எவ்வளவு வெயிலில் உழைத்தாலும் போதாது என்பதற்கு இந்த எளிய சோதனையைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மறு ஆண்டே கேம்பிரிட்ஜும் அமெரிக்காவின் விஸ்கான்சின், கலிஃபோர்னியா ஆய்வகங்களும் அப்பொருளின் அமைப்பைத் தனித்தனியே வெளியிட்டன. முதன்மை எவருக்கு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கல்லீரலில் மட்டும் மாற்றம் பெற்றாலே போதுமான ஆல்ஃபாகால்சிடால் 1973இல் செய்யப்பட்டது. 1978இல் கால்சிட்ரியால் மாத்திரைக்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. டயாலிசிஸ் நோயாளிகளுக்குக் கால்சிட்ரியாலைச் சிரை வழியே செலுத்தினால் பாராதைராய்டு ஹார்மோன் வெகுவாகத் தணிவதை 1984இல் ஸ்லாட்டோபோல்ஸ்கி குழுவினர் நிறுவினர்.

இதே காலத்தில் ஒரு துயரப் பாடமும் கிடைத்தது. பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்துவைக்கக் கொடுத்த அலுமினிய மருந்து எலும்பிலும் மூளையிலும் படிந்து கேடு செய்தது.

பின்னர்

கால்சிட்ரியால் கூடினால் இரத்தத்தில் கால்சியமும் பாஸ்பரஸும் ஏறி இரத்தக் குழாய்களில் சுண்ணம் படியலாம். இதைக் குறைக்கும் நோக்கில் 1998இல் பாரிகால்சிடால் என்ற மருந்து வந்தது. அது ஆயுளைக் கூட்டுகிறதா என்பதில் ஆய்வு முடிவுகள் ஒத்துப்போகவில்லை. வேறு வழியில் இயங்கும் சினாகால்செட் 2004இல் வந்தது. டயாலிசிஸ் நிலையை எட்டாதவர்களுக்குக் கால்சிட்ரியாலை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம், கடுமையாகி ஏறிவரும் நிலைக்கே ஒதுக்கலாம் என்பது 2017ஆம் ஆண்டுப் பன்னாட்டு வழிகாட்டுதலின் பரிந்துரை. அதே ஆண்டு சண்டிகர் ஆய்வொன்று, வைட்டமின் டி குறைந்த 120 நோயாளிகளில் சாதாரண வைட்டமின் டி பெற்றோரின் இரத்தக் குழாய்ச் செயல்பாடு மேம்பட்டதைக் காட்டியது. ஆயுளுக்கு அதனால் பயன் உண்டா என்பது வேறு கேள்வி.

தமிழ்நாடு

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்வோர்க்குத் திரவப் பைகளைக் கொண்டுசேர்க்கிறது. கொல்லிமலையிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேந்தமங்கலம் வழியே நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ போகவேண்டிய நோயாளிக்கு இவ்வேற்பாடு பேருதவி.

நாமக்கல் வட்டாரத்தில் எளிதில் கிடைக்கும் முட்டையும் இங்கே குறிப்பிடத் தக்கது. மஞ்சள் கருவில் பாஸ்பரஸ் மிகுதி; வெள்ளைக் கருவில் அது மிகக் குறைவு, புரதமோ நிறைவு. ஆகவே டயாலிசிஸ் நோயாளிக்கு வெள்ளைக் கருவே பெரிதும் பரிந்துரைக்கப்படுகிறது. கால்சியம், பாஸ்பரஸ், பாராதைராய்டு ஹார்மோன் மூன்றையும் உரிய இடைவெளியில் அளந்து பார்த்தே கால்சிட்ரியாலின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். பரிசோதனையில்லாமல் பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கித் தொடர்வது ஆபத்தானது.