இராட்டைக்கு இருபது ஆண்டு

பழைய மடிக்கணினியைப் பழுது பார்த்து வைத்துக்கொள்வதா, கழித்துவிட்டுப் புதியது வாங்குவதா என்னும் கேள்வி, கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுதோறும் இன்று எழுகிறது. விற்பவரைக் கேட்டால் ஒரு விடை கிடைக்கிறது. பழுது பார்ப்பவரைக் கேட்டால் அதற்கு நேர்மாறான விடை. இருவரும் தத்தம் தொழிலின் பக்கம் நின்று பேசுகிறார்கள் என்பதால் வீட்டார் குழப்பம் தீர்வதில்லை. கேள்வி புதியதாகத் தோன்றினாலும், ஒரு கருவி எத்தனை ஆண்டு உழைக்க வேண்டும், ஆண்டுக்கு எவ்வளவு செலவு வைக்கலாம் என்று முன்கூட்டியே வரையறுத்துக் கேட்ட வரலாறு நம் நாட்டில் உண்டு. அவ்வரலாற்றின் ஓர் இழை திருச்செங்கோட்டு வட்டாரத்திலும் ஓடுகிறது.

1925ஆம் ஆண்டு திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவினார். மானாவாரிப் பயிரை நம்பிய பூமி அது. மழை பொய்த்தால் கூலி வேலையும் பொய்த்துவிடும். அக்காலங்களில் குடியானவர் வீட்டுப் பெண்களுக்கு இராட்டை கஞ்சி வார்த்தது. ஆசிரமத்தார் பஞ்சைக் கொடுத்து நூலை வாங்கிக் கதர் நெய்வித்தார்கள். இலக்கிய அன்பர்கள் இவ்வாசிரமத்தைப் பெரும்பாலும் ‘விமோசனம்’ இதழின் வழியே நினைவில் வைத்திருக்கிறார்கள். 1929இல் மதுவிலக்குப் பிரசாரத்திற்காக இராஜாஜி தொடங்கிய அவ்விதழில் கல்கி துணையாசிரியராக உழைத்தார் என்பது நாம் அறிந்ததே. ஆனால் ஆசிரமத்தின் அன்றாட வாழ்வு அச்சு எழுத்தை நம்பி நடந்ததைவிட இராட்டையின் கதிரை நம்பி நடந்ததே அதிகம்.

அதே 1929ஆம் ஆண்டில் அகில இந்திய நூற்போர் சங்கம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. மேம்பட்ட இராட்டை ஒன்றைச் செய்து தருபவருக்கு ஒரு இலட்ச ரூபாய் பரிசு! அக்காலத்து ஒரு இலட்சம் எத்தகைய தொகை என்பதை விளக்க வேண்டியதில்லை. நமக்கு முக்கியமானவை அப்பரிசுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகள். இராட்டை எளிதில் எடுத்துச் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். சாதாரணக் குடிசையில் கையாலோ காலாலோ இயக்கத்தக்கதாக இருக்க வேண்டும். எட்டு மணி நேரத்தில் 16,000 அடி நூல் தர வேண்டும். விலை 150 ரூபாய்க்கு மேற்படக் கூடாது. இவற்றோடு இன்னும் இரண்டு இருந்தன. காலாகாலத்தில் பராமரித்தால் கருவி இருபது ஆண்டுகள் உழைக்க வேண்டும். தேய்ந்த பாகங்களை மாற்றும் செலவு ஓர் ஆண்டில் கருவி விலையின் நூற்றுக்கு ஐந்து பங்கைத் தாண்டக் கூடாது.

இவ்விரு நிபந்தனைகளையும் நாம் சற்று நின்று படிக்க வேண்டும். வேகத்தையும் விலையையும் கேட்பது எவரும் செய்வதுதான். ஆயுளையும் பழுதுச் செலவையும் எண்களாக எழுதி வைத்துக் கேட்பது அரிது. ஏழைக் குடும்பத்திற்குக் கருவியின் விலை முதல் நாளோடு முடிந்துவிடுவதில்லை, அது ஆண்டுதோறும் தவணையாகத் தொடரும் என்பதை அறிந்தவர்களே இவ்வாறு எழுத முடியும்.

பரிசு எவருக்கும் கிடைக்கவில்லை. கிர்லோஸ்கர்வாடியில் உருவான ஒரு பொறி பார்வைக்கு வந்தும் நடுவர்களை நிறைவு செய்யவில்லை. எனினும் தேடல் நின்றுவிடவில்லை. நம் தமிழ்நாட்டு ஏகாம்பரநாதன் பின்னாளில் வடிவமைத்த இராட்டையே அவர் பெயரின் பகுதியைத் தாங்கி ‘அம்பர் சர்க்கா’ என்று நாடெங்கும் பரவியது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் கதர்த் துறை அதைப் பெருமளவில் மேற்கொண்டது. பழையதைப் போற்றியவர்கள் என்று நாம் கருதும் காந்தியவாதிகளே புதிய கருவிக்கு ஒரு இலட்சம் தரத் துணிந்தார்கள் என்பதை மறக்கலாகாது. அவர்கள் புதுமையை மறுக்கவில்லை. புதுமை தன் ஆயுளுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்டார்கள்.

இனி மடிக்கணினிக்கு வருவோம்.

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், அண்ணா பிறந்த நாளன்று, தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயின்ற மேல்நிலை மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர் பலருக்கும் எல்காட் நிறுவனத்தின் வழியே கொள்முதல் செய்து வழங்கினார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் வழங்கப்பட்டவை ஐம்பது இலட்சத்திற்கும் மேல். இத்தனை எளிய குடும்பங்களுக்குள் கணினி ஒரே வீச்சில் நுழைந்ததற்கு நிகரான நிகழ்ச்சி நம் வரலாற்றில் வேறில்லை. விசைத்தறிக்காரர் வீட்டிலும் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலைக்குப் போனவர் வீட்டிலும் முதன்முதலாக வந்த கணினி பெரும்பாலும் அரசு முத்திரை பதித்த அந்தக் கருவிதான்.

முதல் தொகுதிக் கருவிகளில் இரண்டு ஜி.பி. நினைவகமும் 320 ஜி.பி. வன்தட்டும் இருந்தன. விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் இடம் பெற்றது. அன்றைய தேவைக்கு இது போதுமானது. பிறகு இணையப் பக்கங்கள் பெருத்தன. உலாவிகள் நினைவகத்தை விழுங்கத் தொடங்கின. கருவி அப்படியே இருக்க, அதன்மேல் ஏற்றப்படும் சுமை கூடிக்கொண்டே போயிற்று. பத்து டன்னுக்குக் கட்டிய வண்டியில் இருபது டன் ஏற்றிவிட்டு வண்டியைக் குறை சொல்வதை ஒத்தது இது.

இவ்வுவமை நாமாகத் தேடிப் பிடித்ததன்று; திருச்செங்கோட்டில் நிற்பவர் கண்ணில் முதலில் படுவதே வண்டிதான். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும் லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளுக்கும் பேர் பெற்ற ஊர் இது. இங்கிருந்து கிளம்பும் ரிக்குகள் வட மாநிலங்கள் வரை சென்று துளையிடுகின்றன. இவ்வட்டாரத்தில் ஒரு வண்டி பழசாகிவிட்டது என்று எவரும் ஒரே சொல்லில் தீர்ப்பளிப்பதில்லை. அடிச்சட்டம் நன்றாக இருந்தால் கூண்டை மாற்றுவார்கள். எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவார்கள். டிங்கரிங் பார்த்து, வண்ணம் அடித்து, எப்.சி.க்குக் காட்டுவார்கள். வாடகை வண்டிகளுக்கு முதல் எட்டு ஆண்டுகள் வரை இரண்டாண்டுக்கு ஒரு முறையும் அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும் என்பது சட்டம். வயது ஏற ஏறச் சோதனை நெருங்குகிறதே அன்றி, வயது ஒன்றையே காரணமாகக் காட்டிப் பட்டறைக்காரர் வண்டியைக் கழிப்பதில்லை.

மடிக்கணினிக்கும் அடிச்சட்டம் உண்டு. தாய்ப்பலகை, செயலி, திரை ஆகியவை அது. மற்றவை கூண்டைப் போன்றவை. சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. எனப்படும் திடநிலைத் தட்டைப் பொருத்தினால், எழுந்து நிற்கப் பல நிமிடம் எடுத்த கருவி அரை நிமிடத்தில் எழுகிறது. நினைவகத்தைக் கூட்டலாம். தூசி அடைத்த விசிறியைத் துடைத்து, செயலியின்மேல் காய்ந்துபோன பசையை மாற்றினால் சூடு தணிகிறது. தேய்ந்த பேட்டரியைக் கழற்றிப் புதியதை மாட்டலாம். பத்து ஆண்டுக்கு முந்தைய கருவிகளில் இவற்றைச் செய்ய ஒரு திருப்புளி போதும். இன்றைய மெல்லிய கருவிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. பேட்டரி உள்ளே ஒட்டப்பட்டிருக்கிறது. அழகுக்காகவும் எடைக்குறைவுக்காகவும் நாம் கொடுக்கும் விலை இது. ஒரு பாகம் கெட்டால் முழுக் கருவியும் கெட்டதாகிறது.

கருவி நன்றாக இருக்கும்போதே கிழடாக்கப்படுவதும் உண்டு. எக்ஸ்.பி.க்கான ஆதரவு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளும் முடிவுக்கு வந்தன. 10க்குக் காப்புத் திருத்தங்களை மட்டும் ஓராண்டு நீட்டித்தார்கள். 2021இல் வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் செயலியானால் எட்டாம் தலைமுறையையாவது எதிர்பார்க்கிறது. ஆகவே 2016இல் வாங்கிய கருவி, எதுவும் கெடாமலே, முறையான வழியில் புதிய இயங்குதளத்திற்கு ஏற முடியாமல் வாசலில் நிற்கிறது. இராட்டைக்கு இத்தகைய மரணம் கிடையாது. தேய்ந்தால் தேயும், முறிந்தால் முறியும். தொலைவிலுள்ள ஒரு நிறுவனம் தேதி குறித்து இராட்டையைச் சாகடிக்க இயலாது.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் நாம் சொல்லியாக வேண்டும். காப்புத் திருத்தம் வராத கருவியில் வங்கிக் கணக்கைத் திறப்பது பூட்டில்லாத பெட்டியில் பணத்தை வைப்பதற்குச் சமம். இதற்கு லினக்ஸ் ஒரு மாற்று. பழைய கருவிகளுக்கென்றே எடை குறைந்த லினக்ஸ் வடிவங்கள் உள்ளன. ஆனால் பொறியியல் வரைபட மென்பொருளோ கணக்குப்பதிவு மென்பொருளோ தேவைப்படும் மாணவருக்கு அது எப்போதும் கைகொடுக்காது. படக்கோப்புகளைச் செப்பம் செய்பவருக்கும் நிரல் எழுதக் கற்பவருக்கும் மெதுவான கருவி காலத்தைத் தின்னும். நான்காண்டுப் படிப்பில் தொலைந்த நேரத்தைப் பின்னர் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஏழை மாணவருக்குப் பழையது போதும் என்று வசதி படைத்தவர்கள் சொல்வதில் ஒரு கொடுமை ஒளிந்திருக்கிறது. அதை நாம் ஏற்பதற்கில்லை. 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு கல்லூரி மாணவர் இருபது இலட்சம் பேருக்கு இரண்டாண்டுகளில் கைக்கணினி அல்லது மடிக்கணினி தரப்போவதாக அறிவித்தபோது, அது தேவையற்றது என்று கூறியவர்களோடு நாம் உடன்படவில்லை. நம் கேள்வி வேறு. புதியது வந்தபின் பழைய ஐம்பது இலட்சத்தின் கதி என்ன?

2022ஆம் ஆண்டில் உலகில் உருவான மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது நூற்றுக்கு 22.3 பங்கே என்றும் ஐ.நா. சார்ந்த அறிக்கை கூறுகிறது. மீதியில் பெரும்பகுதி குப்பை மேட்டிலும், கம்பியை எரித்துச் செம்பு எடுப்போரின் நுரையீரலிலும் சேர்கிறது. ஒரு மடிக்கணினி தன் வாழ்நாளில் ஏற்படுத்தும் சூழல் கேட்டின் பெரும்பகுதி அது நம் கைக்கு வருமுன்பே, உற்பத்தியின்போதே, நிகழ்ந்துவிடுகிறது. ஆகவே இன்னும் இரண்டாண்டு கூடுதலாக உழைக்கும் கருவி, வெறும் சிக்கனத்தைவிடப் பெரியதொன்றைச் செய்கிறது.

தமிழ் படிப்பவர்களாகிய நமக்கு மற்றொரு கவலையும் உண்டு. ஏட்டுச்சுவடி சில நூற்றாண்டுகளே தாங்கும் என்பதை அறிந்த நம் முன்னோர், பழைய ஏட்டைப் பிரதி செய்துகொண்டு, பின்னரே அதை ஆற்றிலோ தீயிலோ சேர்த்தார்கள். காலப்போக்கில் பிரதி செய்யும் பழக்கம் தேய்ந்து, கழிக்கும் சடங்கு மட்டும் எஞ்சியது. கரிவலம்வந்தநல்லூரில் சுவடிகள் ஓமத் தீயில் இடப்பட்ட செய்தி கேட்டு உ.வே.சா. கொண்ட துயரம் நாம் அறிந்தது. இன்றைக்கும் அதுதான் நடக்கிறது. தொண்ணூறுகளிலும் அடுத்த பத்தாண்டிலும் தமிழ் எழுதியவர்கள் டிஸ்கி, தாப், தாம், பாமினி என்று பல குறியீடுகளில் எழுதினார்கள். ஒருங்குறியைத் தமிழக அரசு முறையாக ஏற்றதே 2010இல்தான். அக்காலக் கோப்புகள் உறங்குவது பழைய கணினிகளில். எழுத்துருவும் மாற்றியும் அங்கேயே இருக்கின்றன. கருவியை எடைக்குப் போடும் அன்று, எவருடைய கவிதை, எந்த ஊர்ப் பாட்டியிடம் கேட்டெழுதிய தாலாட்டு, எவர் ஆய்வேட்டின் கைப்படி அதனுடன் போகிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை. ஓலையைக் கழிப்பதில் பிழையில்லை. பெயர்த்தெழுதாமல் கழிப்பதே பிழை.

ஆகவே, மடிக்கணினிக்கும் ஓர் எப்.சி. வேண்டும் என்பது நம் கருத்து. அதை அரசு தர வேண்டியதில்லை, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். அடிச்சட்டம் நன்றாக இருக்கிறதா? இன்றைய வேலையை இக்கருவி செய்கிறதா, அல்லது வேறு வேலைக்கு, ஒரு தம்பியின் தட்டச்சுக்கோ ஊர் நூலகத்தின் தேடலுக்கோ, ஆகுமா? காப்புத் திருத்தம் வரும் இயங்குதளம் ஒன்றை அதில் நிறுவ இயலுமா? பழுதுச் செலவு புதியதன் விலையில் எத்தனை பங்கு? உள்ளிருக்கும் எழுத்துகளுக்குப் பிரதி எடுத்தாயிற்றா? முதல் நான்கில் தேறினால் கருவி இருக்கட்டும். தேறாவிட்டால் ஐந்தாவதை முடித்துவிட்டு, மின்கழிவை முறையாகப் பெறுவோரிடம் ஒப்படைக்கலாம்.

புதியது வாங்க நேரும்போதும் 1929ஆம் ஆண்டின் இரு நிபந்தனைகளைக் கடைக்காரர் முன் வைக்கலாம். எத்தனை ஆண்டு உழைக்கும்? பாகம் மாற்ற ஆண்டுக்கு எவ்வளவு ஆகும்? நூற்றுக்கு ஐந்து என்று அவர் எழுதித் தரப்போவதில்லைதான். ஆனால் ஒரு வாடிக்கையாளர் கேட்டால் சிரிப்பார்; நூறு பேர் கேட்டால் யோசிப்பார். இலட்சக்கணக்கில் கொள்முதல் செய்யும் அரசு தன் ஒப்பந்தப்புள்ளியில் கேட்டுவிட்டால், செய்பவர்களும் கேட்டே ஆக வேண்டும்.