வள்ளி என்னும் பெயர்

தமிழ்ப் பெண்களின் பெயர்களுள் மிகப் பழையன எவையென ஆராயப் புகுவோர், வள்ளியை விடுத்து அப்பாற் செல்லல் இயலாது. முருகனோடு சேர்ந்த வள்ளியை நற்றிணை அறியும். வள்ளிக்கூத்து என்றொரு கூத்து இருந்ததாகத் தொல்காப்பிய உரைகாரர் கூறுவர். ஆயினும் வள்ளி என்பது முதலில் ஒரு கொடியின் பெயர். அதன் கிழங்கை நாம் இன்றும் உண்கிறோம்.

வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியிலே வேடர் தலைவன் நம்பி கண்டெடுத்த குழந்தையாதலின் அப்பெயர் வாய்த்தது என்பது கந்தபுராணக் கதை. அது தொண்டை நாட்டு வள்ளிமலையைச் சார்ந்தது. நம் நாட்டிலோ செல்லக்கதிர்காமமே அவள் வாழ்ந்த இடம் என்பர்; இங்குள்ள வேடர் அவளைத் தம் குலமகளாகக் கொள்வர். கதிர்காமத்து ஆடி விழாவில் இரவுதோறும் பெரஹரா செல்வதும் வள்ளியம்மன் கோயிலுக்கே. தெய்வானையம்மனுக்கும் அங்கே கோயில் உண்டு என்பதை நினைவிற் கொள்க!

இனி, உச்சரிப்பு. வள்ளி வேறு, வல்லி வேறு. இரண்டுக்கும் கொடி என்பதே பொருள். முன்னையது தமிழ், பின்னையது கோமளவல்லி, அமுதவல்லி எனப் பெயர்களின் ஈற்றில் நிற்கும் வடசொல். நாவிளிம்பு அண்ணத்தை ஒற்றினால் லகரம், வருடினால் ளகரம் என்று தொல்காப்பியர் பிரித்துக் காட்டினார். வடமொழி அருச்சனையில் வள்ளியும் வல்லீ ஆகிவிடுகிறாள். சிங்களத்தில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து இருந்தும், பேச்சில் ஒலி ஒன்றே. ஆங்கிலத்திலோ எழுத்தும் ஒன்றே.

மூன்று மொழியும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஒருகொடவத்தையில் வாழும் நமக்கு இது வெறும் இலக்கண விவாதமன்று. நான் பயின்ற கிறிஸ்தவ பாடசாலையில் இடாப்பு ஆங்கிலத்தில் இருந்தது. வள்ளி, வல்லி என இருவர் இருந்தும், அழைத்தால் இருவரும் எழுந்து நிற்பர். ஆசிரியரை நோவானேன்? வீட்டாரே இரண்டையும் ஒன்றாக எழுதிக் கொடுத்திருந்தனர்.

நாட்டுப்புறத்துப் பெயரென்று இதனை ஒதுக்குவோரும் உளர். தென்னாபிரிக்காவில், ஜொகன்னஸ்பேர்க்கில் பிறந்து, காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்திற் சேர்ந்து, 1913 இல் சிறை புகுந்து, நோயுற்று மீண்டு, 1914 பெப்ரவரி 22 இல் தம் 16 ஆம் வயதில் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மை தாங்கியதும் இப்பெயரே. கடல் கடந்து உழைக்கச் சென்ற எளிய குடும்பங்களே அதனைப் போற்றிக் காத்தன.

பிள்ளைக்கு வள்ளியென்று பெயரிட்டுச் சிங்களத்திற் பிறப்பைப் பதிவோர், ளகரத்துக்குரிய எழுத்தையே இடும்படி எழுதுநரிடம் கேட்டல் வேண்டும். பின்னர்த் திருத்துவது எளிதன்று.