பரபக்கம் படித்தவர்கள்

தன் சமயத்தை மறுக்கும் நூலை ஒரு பக்தர் படிக்கலாமா என்பது இன்றும் வீடுகளிலும் மடங்களிலும் சபைகளிலும் எழும் கேள்வி. படித்தால் மனம் கலங்கிவிடும் என்பார் ஒருவர். நமக்கு நம் நூல்களே போதும் என்பார் இன்னொருவர். மரபைக் காக்கவே இப்படிச் சொல்கிறோம் என்பது இருவரின் எண்ணமும். ஆனால் தமிழ்நாட்டில் பௌத்தமும் சமணமும் சைவமும் தங்கள் தத்துவத்தைத் தமிழில் நிலைநாட்டிய நூல்களை எடுத்துப் பார்த்தால், மரபு வேறு வழியில் நடந்திருப்பது தெரியும். எதிர்ச் சமயத்தின் வாதத்தைக் கற்று, அதை எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் தன் சமயத்தைப் பேச வேண்டும் என்பது அந்த ஆசிரியர்கள் தங்களுக்கு விதித்துக்கொண்ட ஒழுங்கு. அந்த ஒழுங்கு தளர்ந்தபோது மாற்றார் மட்டும் நஷ்டப்படவில்லை. தளரவிட்டவர்களும் சேர்ந்தே இழந்தார்கள்.

மணிமேகலையிலிருந்து தொடங்கலாம். சீத்தலைச் சாத்தனார் பாடிய அந்தப் பௌத்தக் காப்பியத்தில் முப்பது காதைகள் உள்ளன. இருபத்தேழாம் காதையில் மணிமேகலை வஞ்சி நகரில் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். சைவவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன், பூதவாதி என்று வரிசை நீள்கிறது. இளம்பெண் என்று எண்ணி யாரும் தங்கள் சமயத்தின் உட்பொருளைச் சொல்ல மாட்டார்கள் என்பதால் மாதவன், அதாவது பெருந்தவசி, வடிவம் எடுத்துக்கொண்டு போகிறாள். கேட்பதற்கு அவள் அவ்வளவு முயற்சி எடுத்திருக்கிறாள் என்பதைக் கவனிக்க வேண்டும். கண்ணால் காண்பதைத் தவிர வேறெதையும் நம்ப மாட்டேன் என்கிற பூதவாதியிடம் மட்டும் அவள் நகைத்து, உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். மற்றவர்கள் பேச்சைக் குறுக்கிடாமல் கேட்டுக்கொள்கிறாள். இத்தனையும் கேட்ட பிறகுதான் காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகளிடம் பௌத்த தருக்கத்தைக் கற்கிறாள். தன் நாயகியைப் புத்த தருமத்தில் சேர்ப்பதே சாத்தனாரின் நோக்கம். அவளை நேரே அறவண அடிகளிடம் அவர் அனுப்பியிருக்கலாம். மற்றச் சமயங்களைக் கேட்காமல் ஏற்கும் தருமம் முழுமையாகாது என்று கருதியதால்தான் வஞ்சி வழியாக அனுப்பினார்.

இதே ஒழுங்கை 13ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்தம் நூலமைப்பாகவே ஆக்கிக்கொண்டது. மெய்கண்டாரின் மாணவரான அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியார், பரபக்கம், சுபக்கம் என்று இரண்டு பகுதிகள் கொண்டது. முதலில் வருவது பிறர் கொள்கையைச் சொல்லும் பரபக்கம். அதில் 301 பாடல்கள். தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்தில் 328. ஏறக்குறைய பாதி நூலை மாற்றாருக்கு ஒதுக்கியிருக்கிறார் ஆசிரியர். உலோகாயதர் தொடங்கி, பௌத்தரில் நான்கு பிரிவினர், சமணர், ஆசீவகர், மீமாஞ்சகரில் இரு பிரிவினர், மாயாவாதி, பாஞ்சராத்திரி வரை பதினான்கு கொள்கைகள் அங்கே வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் முதலில் அவர்கள் மதம், அடுத்து அதன் மறுதலை. கடவுளும் இல்லை, மறுபிறப்பும் இல்லை, இவ்வுலக இன்பமே பயன் என்னும் உலோகாயதனின் வாதத்தைச் சிவபக்தரான ஒருவர் தம் கையால், தமிழ் விருத்தத்தில், அதன் உற்சாகம் குறையாமல் எழுதியிருக்கிறார். அந்த வாதத்தை உள்ளே நின்று புரிந்துகொள்ளாமல் இது நடக்காது. சுபக்கத்தில் அளவை பற்றியும் உயிர் பற்றியும் வரும் தெளிவு, பரபக்கத்தில் பட்ட உழைப்பின் விளைவு.

இந்தப் பழக்கத்தால் இன்னொரு நன்மையும் விளைந்தது. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசி இன்று நம்மிடம் நூலாக இல்லை. சில தனிப்பாடல்களே எஞ்சியிருக்கின்றன. நாதகுத்தனார் பாடிய அந்தப் பௌத்த நூலுக்கு மறுப்பாகச் சமணர் எழுதியது நீலகேசி. அதன் பத்துச் சருக்கங்களில் ஒன்றுக்குக் குண்டலகேசி வாதச் சருக்கம் என்றே பெயர். நீலகேசிக்கு உரை செய்த சமயதிவாகர வாமன முனிவர், எதிரியின் எந்தப் பாடலுக்கு எந்த மறுப்பு என்று காட்டுவதற்காகக் குண்டலகேசிப் பாடல்களின் தொடக்கங்களை உரையில் குறித்துவைத்தார். ஒரு பௌத்த காவியத்தின் தடத்தை அதை வீழ்த்த முயன்ற சமண முனிவர் நமக்கு மிச்சப்படுத்தியிருக்கிறார். ஆசீவகத்தின் கதை இதைவிடத் துயரமானது. அச்சமயத்தின் நூல் ஒன்றுகூட முழுதாகக் கிடைக்கவில்லை. 1951இல் ஏ. எல். பாஷம் ஆசீவகர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியபோது, தென்னாட்டு ஆசீவகரின் கொள்கையை அறிய மணிமேகலையையும் நீலகேசியையும் சித்தியாரையும் நம்பவேண்டியிருந்தது. மூன்றுமே ஆசீவகத்தை மறுத்தவர்களின் நூல்கள்.

மறுப்பதற்காகப் படித்தது படிப்பாகுமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நீலகேசி நூலின் நாயகியான நீலகேசி எந்த வாதத்திலும் தோற்பதில்லை; பரபக்கத்தில் மறுதலை எப்போதும் கடைசியில்தான் வருகிறது. எதிரியின் கொள்கையை வளைத்துச் சொல்ல அங்கே இடம் உண்டு, சில இடங்களில் அப்படி நடந்தும் இருக்கலாம். வாதத்தில் தோற்ற சமணர் மதுரையில் கழுவேறினர் என்று பெரியபுராணம் சொல்லும் கதையையும் மறந்துவிட முடியாது. சமயப் பூசலுக்குள் கொடுமை இருந்தது. பரபக்க மரபு அதைத் தடுத்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வெறுப்போடு படிப்பதற்கும் படிக்காமலே வெறுப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. படித்து மறுப்பவர் எதிரியின் வாதத்தைச் சரியாகச் சொல்லக் கடமைப்பட்டவர். தவறாகச் சொன்னால் எதிர்த்தரப்பு அறிஞர் கேட்பார். அந்தக் கேள்விக்கு அஞ்சும் அறிஞர் நூலைத் திறந்து பார்ப்பார். படிக்காதவரை அப்படிக் கட்டுப்படுத்த எதுவும் இல்லை.

இன்னும் வலிய ஆட்சேபம், படித்தவர் மதம் மாறிவிடுவார் என்ற அச்சம். அது பழைய அச்சம். அனபாய சோழன் சமணக் காவியமான சீவக சிந்தாமணியில் ஈடுபட்டிருந்ததைக் கண்டு சேக்கிழார் கவலைப்பட்டார் என்றும், அதன் விளைவே பெரியபுராணம் என்றும் சேக்கிழார் புராணம் கூறுகிறது. அந்தக் கதையின்படியே பார்த்தாலும், சேக்கிழார் சிந்தாமணிச் சுவடியைப் பூட்டிவைக்கவில்லை. அதற்கு ஈடுகொடுக்கும் காவியத்தைப் பாடினார். அச்சத்துக்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல முடியாது. வைணவராகப் பிறந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை கிறிஸ்தவ நூல்களோடு பழகி, 1858இல் கிறிஸ்தவராகி, பின்னாளில் இரட்சணிய யாத்திரிகம் பாடினார். அதே நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர், வெசுலியன் பாதிரியார் பீட்டர் பெர்சிவல் விவிலியத்தைத் தமிழாக்கியபோது உடனிருந்து உழைத்தார். அந்தப் பழக்கம் அவரைச் சைவத்திலிருந்து அசைக்கவில்லை. 1854இல் அவர் வெளியிட்ட சைவதூஷண பரிகாரம், சைவக் கிரியைகளை இகழ்ந்தவர்களுக்கு அவர்கள் வேதத்திலுள்ள ஆலய வழிபாட்டையும் பலியையும் எடுத்துக்காட்டிப் பதில் சொன்னது. விவிலியத்தைத் தொடாத சைவர் எவராலும் அந்த நூலை எழுதியிருக்க முடியாது. படிப்பு ஒருவரை மாற்றியது, இன்னொருவரை உறுதிப்படுத்தியது. இருவரும் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று அறிந்து நின்றார்கள். பிற நூல்களை அண்டவிடாமல் காப்பாற்றப்படும் பக்தி, முதல் கடுமையான கேள்வியிலேயே திகைத்துவிடும்.

இந்த ஒழுங்கு பின்னாளில் தளர்ந்தது. சித்தியாரின் சுபக்கத்துக்கு அறுவர் உரை என்று ஆறு உரைகள் புகழ்பெற்று விளங்க, பரபக்கம் பயில்வார் குறைந்து பின்தங்கியது. திருவாவடுதுறை ஆதீன மரபில் வந்த ஈசான மடத்துச் சுவாமிநாத தேசிகர், தம் இலக்கணக் கொத்து உரையில், சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை போன்றவற்றைக் கற்பதை வாழ்நாளை வீணாக்குவதாகக் கண்டித்தார். சுவடிகளைச் செல்லரித்ததற்குப் பல காரணங்கள் உண்டு. எல்லாப் பழியையும் ஒருவர் தலையில் போட முடியாது. ஆனால் கற்பவர் இல்லாத சுவடியைப் புதிதாகப் படியெடுக்க எவருக்கும் தேவை இருப்பதில்லை. 1880இல் சேலம் இராமசுவாமி முதலியார் சிந்தாமணியைப் பற்றிக் கேட்டபோது, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவரான உ. வே. சாமிநாதையரே அதை அதுவரை பயின்றிருக்கவில்லை. அதைப் புரிந்துகொள்ள அவர் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போனார். ஒரு வீட்டு வாசலில் தோரணம் கட்டியிருந்தது. விசேஷம் என்னவென்று கேட்டார். சிந்தாமணி படித்து முடித்ததற்கான பூஜை என்றார்கள். தமிழ்ப் புலவர் உலகம் கைவிட்ட காவியம் அந்த வீடுகளில் பாராயண நூலாக வாழ்ந்துகொண்டிருந்தது. சைவரான அவர் அவர்களிடம் பாடம் கேட்டு 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்தார்; 1898இல் மணிமேகலையையும் பதிப்பித்தார். அவர் திருநீறு அழியவில்லை. தமிழுக்கு இரண்டு காப்பியங்கள் மீண்டன.

ஆகவே பக்தர்கள் மாற்று நூல்களைப் படிக்க வேண்டும் என்பதற்குப் புதிய கொள்கை எதையும் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டாம். சாத்தனாரும் அருணந்தியாரும் நாவலரும் காட்டிய வழியே போதும். அவர்களைவிட நமக்கு வசதியும் அதிகம். எதிரியின் கொள்கையை மறுப்பு நூலின் வழியாக மட்டும் அறியவேண்டிய நிலை இன்று இல்லை. மூல நூலே அச்சில் கிடைக்கிறது. பகுத்தறிவு இயக்கத்தாரின் நூல் ஆனாலும், பிற மதத்தாரின் வேதம் ஆனாலும், தம் தரப்பார் பொறுக்கித் தரும் நான்கு வரிகளோடு நிறுத்தாமல் முதலிலிருந்து முடிவுவரை படிக்க வேண்டும். அந்த நூலின் வாதத்தை, அதை நம்புகிறவர் ஆம் என்று தலையசைக்கும்படி எடுத்துச் சொல்லத் தெரிந்த பிறகு மறுக்கலாம். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் இதே கடமை உண்டு. தேவாரத்தையும் சித்தியாரையும் படிக்காமல் சைவத்தை மறுப்பதும் அரைகுறை வேலைதான். தன் சமயம் உண்மை என்று மனமார நம்புகிறவர் பிறர் நூலைக் கண்டு ஒதுங்கத் தேவையில்லை. அந்த உண்மை எந்தக் கேள்விக்கும் நின்று பதில் சொல்லும் என்பதும் அவர் நம்பிக்கையில் அடங்கியதே.