அரிவாள்மணையும் சாணைக்கல்லும்

தமிழ் வீடுகளில் கைக்கத்தி புழங்குவதற்கு முன், காய் நறுக்கும் வேலை முழுவதும் அரிவாள்மணையிடமே இருந்தது. மணைப்பலகையில் நிமிர்ந்து நிற்கும் வளைந்த அலகு. பல இடங்களில் அதன் நுனியிலேயே தேங்காய்த் துருவியும் இருக்கும். தரையில் அமர்ந்து, பலகையைக் காலால் அழுத்திக்கொண்டு, இரு கைகளாலும் காயைப் பிடித்து அலகின்மேல் தள்ளுவார்கள். கத்தி அசைவதில்லை, காய்தான் அசைகிறது. வங்காளத்தில் 'போட்டி' என்றும் மராத்தியில் 'விளி' என்றும் அழைக்கப்படும் கருவிகளும் இதே வகைதான்.

அலகு கொல்லர் பட்டறையில் அடித்த இரும்பு. ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். வாழைப்பூ நறுக்கினால் கறுக்கும். ஆகவே நறுக்கி முடித்ததும் கழுவித் துடைத்து எண்ணெய் தடவுவதும், குழந்தைகளின் கைபடாமல் அலகைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பதும் வழக்கமாயின.

முனை மழுங்கினால் அம்மிக்கல்லில் தீட்டுவார்கள், அல்லது தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுப்பார்கள். பழைய சாணைச் சக்கரம் குருந்தக்கல் பொடியை அரக்கில் குழைத்துச் செய்யப்பட்டது. சேலம் வட்டாரத்தில் கிடைத்த கல் அது. ஆங்கிலத்தின் 'கொரண்டம்' என்னும் சொல்லே குருந்தத்திலிருந்து போனது. அடுப்படிக்கு உழைத்த ஒரு கல்லுக்கு அது உரிய பெருமை.

1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரயர்லி துருப்பிடிக்காத எஃகை உருவாக்கினார். பின்னாளில் அவ்வகை எஃகுக் கத்தியும், நின்று சமைக்கும் மேடையும் வந்து சேர, அரிவாள்மணை மெல்லப் பரணுக்கு ஏறியது.