தொய்ந்த மின்கம்பியை அளக்கும் அலை

வலப்பனை, ராகலை, உடப்புசல்லாவை மலைகளில் மின்கம்பிகள் தேயிலைச் சரிவுகளையும் லயன் கூரைகளையும் தாண்டிச் செல்கின்றன. 2007 ஜனவரியில் வலப்பனை கண்டதைப் போன்ற பெரிய மண்சரிவுதான் வேண்டுமென்றில்லை. மண் சற்று நகர்ந்தாலே கம்பம் சாயும். ஒருபுறக் கம்பி தொய்யும், மறுபுறக் கம்பி விறைக்கும். தொய்ந்த கம்பி ஆள் உயரத்துக்கு இறங்கினால் உயிராபத்து.

அந்தத் தொய்வை, பள்ளத்தில் இறங்கி நாடா பிடிக்காமலே அளக்கலாம். மின்கம்பி இழுப்போர் உலகெங்கும் கையாளும் முறை இது. மின்சாரம் துண்டிக்கப்பட்டு, புவித்தொடுப்பு இடப்பட்ட கம்பியை ஒரு கம்பத்தருகே தட்டுவார்கள். அலை அடுத்த கம்பம்வரை ஓடி, அங்கே தெறித்துத் திரும்பும். திரும்பும் நேரத்தை நிறுத்தற் கடிகாரத்தில் பார்ப்பார்கள்.

கணக்கு இதுதான்

உயர்தரத்தில் சுரமானிப் பரிசோதனை செய்தவர்களுக்கு இது நினைவிருக்கும்: இழுவிசையை ஓரலகு நீளத்தின் திணிவால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் அலைவேகம் கிடைக்கும். கம்பி விறைக்க அலை விரையும், தொய்ய, மெதுவாகும்.

தொய்வும் இதே இழுவிசையையும் திணிவையும் கம்பங்களின் இடைத்தூரத்தையும் பொறுத்தது. இரண்டு சமன்பாடுகளையும் சேர்த்தால் அம்மூன்றும் வெட்டுப்பட்டு, நேரம் மட்டுமே மிஞ்சும். அலை மூன்று முறை போய்த் திரும்பும் நேரத்தைச் செக்கனில் எடுத்து, வர்க்கித்து, 0.034 ஆல் பெருக்கினால் தொய்வு மீற்றரில் வரும். 5.4 செக்கன் என்றால் ஏறத்தாழ 1 மீற்றர். நேரம் இரட்டித்து 10.8 செக்கனானால் தொய்வு 4 மீற்றர். இரு கம்பங்களும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும்போது இந்தக் கணக்கு நன்கு பொருந்தும்.

காற்று மீட்டும் கம்பி

காற்றும் கம்பியை மீட்டும். கம்பியின் பின்னால் மாறிமாறிச் சுழிகள் கழன்று அதை மேலும் கீழும் ஆட்டும். 2 சென்ரிமீற்றர் தடித்த கம்பியில் செக்கனுக்கு 5 மீற்றர் வேகக் காற்று பட்டால் அதன் மீடிறன் ஏறத்தாழ 50 ஹேர்ட்ஸ். இந்த நடுக்கம் நாளடைவில் பிடிமானத்தருகே உலோக இழைகளை முறித்துவிடும். உயர் அழுத்தக் கம்பிகளில் கோபுரத்தருகே தொங்கும் சிறு இரட்டைக் குண்டுகள் அந்த அதிர்வை உறிஞ்சவே உள்ளன.

வடக்கில் பலர் இன்றும் ‘லக்சபான கரண்ட்’ என்பார்கள். 1950இல் இயங்கத் தொடங்கிய லக்சபான மின்நிலையத்தின் பெயர் அது. போரில் தேசிய மின்வலையிலிருந்து அறுந்துபோன யாழ் குடாநாடு, கம்பி இழுத்தே மீண்டும் இணைக்கப்பட்டது. மலையையும் வடக்கையும் இணைக்கும் அந்தக் கம்பிக்கும் இதே விதிதான்.

மேலே சொன்ன அளவீடு பயிற்சி பெற்ற ஊழியருக்கு மட்டுமே உரியது. மழைக்குப் பின் கம்பம் சாய்ந்திருந்தால், கம்பி வழமையைவிடத் தாழ்ந்திருந்தால், தடியாலும் தொடவேண்டாம். விலகி நின்று, பிள்ளைகளையும் தடுத்து, மின்விநியோக நிறுவனத்துக்கு அறிவியுங்கள்.