சர்க்கரையும் சுதந்திரமும்

1946 ஏப்ரல் 30 அன்று அமெரிக்க அதிபர் ட்ரூமன் பிலிப்பைன்ஸ் தொடர்பாக இரண்டு சட்டங்களில் கையெழுத்திட்டார். ஒன்று போர்ச் சேதத்துக்கு இழப்பீடு தருவது. மற்றொன்று பெல் வணிகச் சட்டம். பிலிப்பைன்ஸின் நிலம், சுரங்கம், காடு, பொதுப் பயன்பாட்டுத் தொழில்கள் எல்லாவற்றிலும் அமெரிக்கர்களுக்கு உள்நாட்டாருக்குச் சமமான உரிமை வேண்டும் என்றது அது. ஒரு டாலருக்கு இரண்டு பெசோ என்ற மதிப்பை அமெரிக்க அதிபரின் சம்மதம் இல்லாமல் மாற்றக்கூடாது என்றும் சொன்னது. இரண்டையும் பிணைத்த முடிச்சு இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்தது: வணிக ஏற்பாடு நடைமுறைக்கு வரும்வரை 500 டாலருக்கு மேல் எவருக்கும் இழப்பீடு கிடையாது. அதற்கு முந்தைய ஆண்டுதான் மணிலா சண்டையில் சுமார் ஒரு லட்சம் பொதுமக்கள் மடிந்திருந்தார்கள். இடிபாட்டில் நின்ற மக்களிடம் வைக்கப்பட்ட நிபந்தனை இது.

அமெரிக்க ஆதிக்கம் என்றதும் 1899-இல் தொடங்கிய போர்தான் பேசப்படுகிறது. பேசப்படவும் வேண்டும். ஸ்பெயினிடமிருந்து இரண்டு கோடி டாலருக்குத் தீவுகளை வாங்கி, புரட்சித் தலைவர் அகினால்டோவின் குடியரசை நசுக்கிய அந்தப் போரிலும், அதை ஒட்டி வந்த பஞ்சத்திலும் நோயிலும் சுமார் இரண்டு லட்சம் பொதுமக்கள் இறந்தார்கள். ஆனால் துப்பாக்கி ஓய்ந்த பின்னும் நாட்டை விடாமல் பிடித்திருந்தது சுங்க வரிச் சட்டம் என்பதே என் வாதம். 1909-இன் பெய்ன்-ஆல்ட்ரிச் சட்டம் இரு நாடுகளுக்கும் இடையே பெரும்பாலான சரக்குகளுக்கு வரியை நீக்கியது. 1913-இல் சர்க்கரைக்கு இருந்த உச்சவரம்பும் போயிற்று. நீக்ரோஸ் தீவின் பண்ணையார்களுக்கு அமெரிக்கச் சந்தை திறந்தது. நெல்லோ நெசவோ அவர்களுக்கு இனி எதற்கு? 1930-களில் நாட்டின் ஏற்றுமதியில் முக்கால் பங்குக்கும் மேல் ஒரே நாட்டுக்குப் போனது. அங்கிருந்து வரியின்றி வந்திறங்கிய ஆலைச் சரக்குகளோடு போட்டியிட்டு உள்ளூர்த் தொழில் தலையெடுக்க வழியில்லை.

அமெரிக்கா பள்ளிக்கூடம் தந்தது, காலராவைக் கட்டுப்படுத்தியது, சுதந்திரம் தருவதாகச் சொல்லித் தந்தது என்பார்கள். 1901-இல் 'தாமஸ்' கப்பலில் வந்திறங்கிய ஆசிரியர்களின் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் படித்த பிள்ளை திரும்பிப் போன ஊரில் நிலம் யாரிடம் இருந்தது? பொது நிலத்தில் ஒரு நிறுவனம் 1,024 ஹெக்டேருக்கு மேல் வாங்கக்கூடாது என்று 1902-இல் சட்டம் போட்டவர்களே, மதகுருக்களிடமிருந்து வாங்கிய நிலங்களுக்கு அந்த வரம்பு பொருந்தாது என்று வாதிட்டு, மிண்டோரோவின் சான் ஹோசே பண்ணையை, சுமார் 22,000 ஹெக்டேரை, அமெரிக்கச் சர்க்கரை முதலாளிகளின் கைக்குப் போகவிட்டார்கள். சுதந்திரத்துக்குத் தேதி குறித்த 1934-ஆம் ஆண்டுச் சட்டமும் வெறும் நல்லெண்ணத்தில் பிறந்ததல்ல. பிலிப்பைன்ஸ் சர்க்கரையையும் தேங்காய் எண்ணெயையும் தொழிலாளர்களையும் வெளியே நிறுத்த விரும்பிய அமெரிக்க விவசாய, தொழிற்சங்கக் குழுக்கள் அதற்கு அழுத்தம் தந்தன. அதே சட்டம் பிலிப்பினோக்களின் குடியேற்றத்தை ஆண்டுக்கு 50 பேர் என்று சுருக்கியது.

பெல் சட்டத்தை ஏற்றது பிலிப்பைன்ஸின் சொந்த நாடாளுமன்றம்தானே என்பது இதைவிடக் கனமான கேள்வி. ஏற்றது உண்மை. ஆனால் அமெரிக்கர்களுக்குச் சம உரிமை தர அரசியல் சாசனத்தைத் திருத்த வேண்டியிருந்தது; அதற்கு நான்கில் மூன்று பங்கு வாக்கு தேவைப்பட்டது. மத்திய லூசோன் விவசாயிகள் தேர்ந்தெடுத்த ஜனநாயகக் கூட்டணி உறுப்பினர்களையும் எதிர்க்கட்சி செனட்டர்கள் மூவரையும் அவையில் அமரவிடாமல் செய்த பிறகே அந்தக் கணக்கு கூடிவந்தது. ஆதரித்த பெரும்புள்ளிகள் பலர் வரியில்லா வணிகத்தில் வளர்ந்தவர்கள். அவர்கள் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. அவர்களை அப்படி வளர்த்த கொள்கையும் தப்ப முடியாது.

1974-இல் அமெரிக்காவுடனான வணிகச் சலுகை ஏற்பாடு முடிந்தது. அதிபர் மார்க்கோஸின் ஆட்சியில் சர்க்கரை வணிகம் அவருடைய கூட்டாளிகளின் பிடிக்குள் போனது. 1980-களில் உலகச் சந்தையில் விலையும் சரிந்தது. பண்ணைகள் வேலையை நிறுத்தின. கரும்பையே பெரிதும் நம்பியிருந்த நீக்ரோஸில் தொழிலாளர் வீட்டுக் குழந்தைகள் பட்டினியில் மெலிந்தார்கள். 1985 செப்டம்பர் 20 அன்று அதே தீவின் எஸ்கலாந்தேயில் மறியல் செய்தவர்கள்மீது அரசுப் படையினர் சுட்டதில் சுமார் 20 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் கரும்புத் தோட்டத் தொழிலாளர்கள்.