பி.டி. பீரியடும் ஒரு கால்பந்துக் கோப்பையும்



சில நாட்களுக்கு முன் அமெரிக்காவிலிருந்து என் பழைய மாணவி ஒருத்தி பேசினாள். அவள் மகள் அங்கே கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணியில் ஆடுகிறாள். "அடுத்த மாசம் அவளுக்கு கான்ஃபரன்ஸ் இருக்கு சார்" என்றாள். நான் மாநாடு என்று நினைத்து, "என்ன தலைப்பில் கட்டுரை வாசிக்கப் போகிறாள்?" என்று கேட்டுவிட்டேன். அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அந்த அசட்டுத்தனத்தைச் சரிசெய்து கொள்ளப் படிக்க உட்கார்ந்தவன், ஒரு நல்ல வரலாற்றில் போய் நின்றேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக் கொள்ளுங்கள்.

நம் ஊரில் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போவோம் அல்லவா? அங்கே பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்துக்கொள்கின்றன. அதற்குப் பெயர்தான் கான்ஃபரன்ஸ். முதலில் தங்களுக்குள் லீக் ஆட்டங்கள். பிறகு ஒரு கோப்பைப் போட்டி. அதில் வென்ற அணிக்கு தேசியப் போட்டியில் நேரடி இடம். சிறிய கூட்டமைப்புகளில் பல அணிகளுக்கு தேசியப் போட்டிக்குள் நுழைய அது ஒன்றுதான் வாசல்.

இவற்றில் பெண்கள் கால்பந்துக்குப் பேர் போனது அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ், சுருக்கமாக ஏ.சி.சி. இது தொடங்கியது 1953இல். ஆனால் பெண்கள் கால்பந்துக் கோப்பை முதன்முதலாக நடந்தது 1988இல். இடையில் 35 ஆண்டுகள்! ஏன் இவ்வளவு தாமதம்?

விடை ஒரு சட்டத்தில் இருக்கிறது. 1972 ஜூன் 23 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட கல்விச் சட்டத்தில் 'டைட்டில் நைன்' என்று ஒரு பகுதி. அதன் மையமான வாசகம் ஆங்கிலத்தில் 37 சொற்கள்தான். மத்திய அரசின் பணம் பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் ஒருவரைப் பால் காரணமாக ஒதுக்கக் கூடாது என்பது அதன் சாரம். விளையாட்டு என்ற சொல்லே அந்த வாசகத்தில் கிடையாது. ஆனாலும் மைதானத்தின் பூட்டைத் திறந்தது அதுதான். சட்டம் வந்தபோது அந்த நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடிய பெண்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு. ஆண்களோ 36 லட்சத்துக்கு மேல். இன்று பெண்களின் எண்ணிக்கையும் 30 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

சட்டம் வந்தவுடன் எல்லாக் கல்லூரிகளும் அணி தொடங்கிவிடவில்லை. சீக்கிரம் விழித்துக்கொண்டது சேப்பல் ஹில் ஊரில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகம். அங்கே ஆண்கள் அணிக்குப் பயிற்சியாளராக இருந்த ஆன்சன் டோரன்ஸ், 1979இல் பெண்கள் அணியையும் தொடங்கினார். பயிற்சியில் நடக்கும் ஒவ்வொரு சிறு போட்டிக்கும் மதிப்பெண் குறித்து, யார் எத்தனையாவது இடம் என்று பட்டியல் போட்ட மனிதர் அவர். 1982இல் என்.சி.ஏ.ஏ. நடத்திய முதல் பெண்கள் தேசியப் போட்டியில் 12 அணிகள்தான் கலந்துகொண்டன. கோப்பை இவர்களுக்கே. அதற்குப் பிறகும் அவர்கள் விடவில்லை. 1986 முதல் 1990 வரை தொடர்ந்து 103 ஆட்டங்களில் அவர்களை யாரும் தோற்கடிக்க முடியவில்லை.

இப்போது 1988க்கு வாருங்கள். ஏ.சி.சி.யின் முதல் பெண்கள் கோப்பை. அந்த 103 ஆட்டங்களின் நடுவில் வருகிற ஆண்டு. யாருக்குக் கோப்பை என்று யாரும் யோசிக்கவே தேவையில்லை. ஆனால் கோப்பையைக் கொண்டு போனது, பக்கத்து ஊரான ராலேயில் இருக்கும் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம்!

தோற்காத அணி எப்படிக் கோப்பையை விட்டது? ஆட்டம் சமனில் முடிந்து, பெனால்டி உதையில் முடிவானது. கால்பந்துக் கணக்கில் பெனால்டி உதை வெற்றியாளரைத் தீர்மானிக்கும். பதிவேட்டில் ஆட்டம் 'சமன்' என்றே ஏறும். அதனால் சேப்பல் ஹில் பெண்கள் தோற்கவும் இல்லை, கோப்பையும் கிடைக்கவில்லை. கணக்கு ஆசிரியனான எனக்கு இது மிகவும் பிடித்துப் போயிற்று. அதே ஆண்டு தேசிய இறுதிப் போட்டியிலும் இதே இரண்டு அணிகள்தான் மோதின. அங்கே சேப்பல் ஹில் 4-1 என்று வென்றது.

அதன் பிறகு நடந்ததைக் கேட்டால் சலிப்பே வரும். 1989 முதல் 2003 வரை 15 ஆண்டுகள், 15 கோப்பைகள், எல்லாம் சேப்பல் ஹில்லுக்கே. மியா ஹாம், கிறிஸ்டின் லில்லி எல்லாம் அங்கே ஆடியவர்கள்தான். 1991இல் சீனாவில் முதல் பெண்கள் உலகக் கோப்பையை வென்ற அமெரிக்க அணிக்கும் டோரன்ஸ்தான் பயிற்சியாளர். 1992 தேசிய இறுதியில் இதே ஏ.சி.சி.யைச் சேர்ந்த டியூக் பல்கலைக்கழகத்தை 9-1 என்று நொறுக்கினார்கள். கால்பந்து இறுதிப் போட்டியில் ஒன்பது கோல்!

அப்போது பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? "ஒரே அணி ஜெயிக்கிற போட்டி எதற்கு?" என்றுதானே? ஆனால் மற்ற அணிகள் ஆடுவதை நிறுத்தவில்லை. புதிய அணிகளும் வந்தன. புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் 1995இல்தான் பெண்கள் கால்பந்தைத் தொடங்கியது. உதவித்தொகை கொடுத்து மாணவிகளைச் சேர்த்தார்கள். ஓர் அணிக்கு இத்தனை உதவித்தொகைதான் என்று வரம்பு இருந்ததால், திறமைசாலிகள் எல்லோரையும் ஒரே கல்லூரி அள்ளிக்கொள்ளவும் முடியவில்லை.

2004இல் வர்ஜீனியா அந்த 15 ஆண்டுச் சங்கிலியை அறுத்தது. 2010இல் வேக் ஃபாரஸ்ட் வென்றது. 2011இல் புளோரிடா மாநிலம் முதல் கோப்பையைத் தொட்டது. 2020 முதல் 2024 வரை தொடர்ந்து ஐந்து முறை அதுவே வென்றது. 2014, 2018, 2024 ஆகிய ஆண்டுகளில் தேசிய இறுதியில் மோதிய இரண்டு அணிகளுமே ஏ.சி.சி. அணிகள். 2024இல் சேப்பல் ஹில் வேக் ஃபாரஸ்ட்டை வென்றது 1-0 என்று.

1992இல் 9-1. 2024இல் 1-0. இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் முழு வரலாறும் இருக்கிறது. சேப்பல் ஹில்லின் ஆட்டம் தேய்ந்துவிடவில்லை. மற்றவர்களின் ஆட்டம் வளர்ந்துவிட்டது. முன்பு அவர்களிடம் திறமை இல்லாமல் இல்லை. மைதானமும் நேரமும் அவர்களுக்குப் பிந்திக் கிடைத்தன, அவ்வளவுதான்.

ஒரு வேடிக்கையும் சொல்லிவிடுகிறேன். 2024இல் ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் இந்த 'அட்லாண்டிக் கரை' அமைப்பில் சேர்ந்துவிட்டன. இரண்டும் இருப்பது பசிபிக் கரையில்! பெரும்பாலும் தொலைக்காட்சிப் பணம் செய்யும் வேலை. பாவம், பிள்ளைகள்தான் நாட்டின் குறுக்கே பறந்து போய் ஆடிவிட்டு, திரும்பி வந்து தேர்வும் எழுத வேண்டும்.

இதையெல்லாம் படித்து முடித்தபோது எனக்கு நம் பள்ளி நினைவு வந்தது. பத்தாம் வகுப்பு என்றால் பி.டி. பீரியடை எத்தனை முறை கேட்டு வாங்கிக் கணக்கு நடத்தியிருக்கிறேன்! ஆண் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். சாயங்காலம் எங்காவது போய் ஆடியும் விடுவார்கள். பெண் பிள்ளைகள் ஒன்றும் சொல்லாமல் நோட்டை எடுப்பார்கள். அவர்களுக்கு விளையாட்டில் ஆர்வம் இல்லை என்றே அப்போது நினைத்தேன். அந்த ஒரு பீரியடைத் தவிர அவர்களுக்கு வேறு மைதானமே கிடையாது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

ஃபோனில் பேசிய அந்த மாணவியும் அந்த வகுப்பில் இருந்தவள்தான். இன்று அவள் மகள் ஆடுகிறாள். அம்மாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட பீரியடுகளுக்கு இந்தப் பதிவின் வழியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உங்களில் இப்போது ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள். அந்தக் கடனைத் திருப்பித் தர முடியாது.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்